இருபது கிலோ

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ரப்பர் வாங்கும் கடை என்னுடையது.
பகலில் ஷீட், ஒட்டுப்பால்.
இருட்டினால் பெட்டிகள்.

விமானம் ஏறப்போகிறவர்கள்
வீட்டுத் தராசை நம்புவதில்லை.
என் தராசு பத்து கிராம் பிசகாது என்று
யாரோ சொல்லி யாரோ கேட்டு
இப்போது வாரத்துக்கு நாலு குடும்பம்.
காசு வாங்குவதில்லை.
உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

நேற்று ஜெபசிங்கும் வீட்டாரும்.
கோலாலம்பூர், ஐந்து நாள், சுற்றிப்பார்க்க.
ஆளுக்கு இருபது கிலோ.
முதல் பெட்டி இருபத்து மூன்று நானூறு.
"தொறயும்" என்றேன்.

மேலேயே கொப்பரை, ஆறு முறி.
"அங்கத்த தேங்கா எப்பிடி இருக்குமோ"
என்றாள் மெர்லின் புஷ்பம்.
தென்னை நிற்கிற ஊருக்குத்தான் போகிறாள்.
அதோடு, கொப்பரை தீப்பிடிக்கிற சரக்கு,
கண்டால் எடுத்து வைத்துவிடுவார்கள்.

கைப்பையில் தேன், முக்கால் லிட்டர்.
மார்த்தாண்டம் தேன் என்றால்
சோதனை மேசைக்காரர்களுக்கும் தெரியும்.
நூறு மில்லிக்கு மேல்
நீராக உள்ள எதுவும் கையில் போகாது.
"தேன் நீரா?" என்று கேட்டார் ஜெபசிங்.
சாய்த்துப் பாரும் என்றேன்.

பவர் பேங்க் அப்படியே நேர்மாறு,
பெட்டியில் கூடாது, கையில்தான்.
சர்க்கரை மாத்திரையும் கையில், டாக்டர் சீட்டோடு.
ஒரு மாற்றுத்துணியும்.
பெட்டிகள் சில சமயம்
நம்மை விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கப் போகும்.

பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
அப்பன் பெயர் நமக்கு ஓர் எழுத்து,
கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து போதாது.
பாஸ்போர்ட்டில் ஞானாபரணம் ஜெபசிங்.
டிக்கெட்டில் வெறும் ஜெபசிங்.
செத்துப் பதினோரு வருஷமான ஞானாபரணத்தை
இன்றைக்கே போன் பண்ணி ஏற்றும் என்றேன்.
அவரால் எடை கூடாது.

பிறகு தேதி.
"ஆறாட்டு அன்னைக்கி இல்லியே?"
ஐப்பசியில் ஒருநாள், பங்குனியில் ஒருநாள்
பத்மநாபசாமி சங்குமுகத்தில் நீராடப் போவார்,
திருவனந்தபுரம் ஓடுபாதை வழியாக.
அந்தச் சாயங்காலம்
அவர் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை
ஒரு விமானமும் அசையாது.
நேரம் மாறிய செய்தி போனுக்கு வரும்.
பார்க்க வேண்டும்.

நாங்கள் பார்க்கவில்லை.
மாலத்தீவுக்கு. அவர் இருந்தார் அப்போது.
ஐந்து மணி நேரம்
இரும்பு நாற்காலியில், ஏசிக் குளிரில்,
என் சேலைத் தலைப்பைப் பாதி வாங்கிப் போர்த்திக்கொண்டு
சின்ன வயதில் பேச்சிப்பாறை அணையில் முங்கப்போனது முதல்
ஒவ்வொன்றாகச் சொன்னார்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில்
அவ்வளவு பேசியது அன்றுதான்.
மாலத்தீவில் கடல் நீலமாக இருந்தது
என்று போட்டோவில் இருக்கிறது.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை.
மூன்று மணி நேரம் முன்னால் போங்க,
பாறசாலையில் ரோடு அடைத்தால்
இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கோங்க, அவ்வளவுதான்.

பையன் தராசில் ஏறி நின்றான்.
பதினாறு இருநூறு.
இறங்கும்போது அவனுக்குக் காது அடைக்கும்,
உறங்க விடாதே, மிட்டாய் கொடு,
விழுங்க விழுங்கத் திறக்கும்.

பெட்டி கடைசியில் பத்தொன்பது தொள்ளாயிரம்.
"இன்னும் நூறு கிராம் கிடக்குல்லா"
என்று மெர்லின் ஒரு முறியைக் கையில் எடுத்தாள்.
நான் பார்த்தேன்.
வைத்துவிட்டாள்.

வண்டி களியக்காவிளை பக்கம் திரும்பியது.
கொப்பரை ஆறும் கல்லாவுக்கு அடியில்.
தேன் பாட்டிலை
ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன்.
சனிக்கிழமை வருவார்கள்.
இந்தக் கடையில் எறும்பு அதிகம்.